நிலநடுக்கம் கட்டடத்தைத் திருகும்: வீடு கட்டும்முன் கேட்க வேண்டியவை

"நம்ம ஊருக்கு நிலநடுக்கமெல்லாம் வராது" என்று மதுரைப் பக்கம் வீடு கட்டுவோர் சொல்வதுண்டு. நிலநடுக்க வரைபடத்தில் மதுரை நெடுங்காலமாக ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருந்து வந்தது உண்மைதான். ஆனால், குறைவு என்றால் அறவே இல்லை என்று பொருளல்ல. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியே குலுங்கியிருக்கிறது.

நிலநடுக்கத்தில் பூமி பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆடும் என்பது நமக்குத் தெரியும். கூடவே அது சற்றுத் திருகவும் செய்யும். அலை கடக்கும் நொடியில் மனையின் ஒரு மூலை நகரும் அளவுக்கு மறு மூலை நகர்வதில்லை. அந்த வித்தியாசமே திருகல். இது மிக நுண்ணியது. ஜெர்மனியின் வெட்செல் ஆய்வகத்தில் லேசர் ஒளியை வளையமாகச் சுற்றவிட்டு இதை அளக்கிறார்கள்.

ஆனால் கட்டடம் பெரிதாகத் திரும்புவதற்கு வேறு காரணம் உண்டு. 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமை உலுக்கிய நிலநடுக்கத்தில், இன்றைய வங்கதேசத்தின் சாத்தக் ஊரில் 60 அடிக்கும் மேல் உயர்ந்து நின்ற நினைவுத்தூணின் உச்சி உடைந்து விழுந்தது. எஞ்சிய பகுதி சுமார் 15 டிகிரி திரும்பி நின்றது. புவியியலாளர் ஓல்டாம் இதைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.

நிலம் 15 டிகிரி சுழன்றுவிடவில்லை. வீட்டில் பீரோவைத் தள்ளிப் பாருங்கள். ஒரு கால் தரையில் பிடித்துக்கொண்டால், நேராகத் தள்ளினாலும் பீரோ திரும்பும். பிடிமானம் ஒரு பக்கம் கூடினால் நேரான ஆட்டமும் திருகலாகிவிடும்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். மாடிப்படியும் கனமான சுவர்களும் ஒரு மூலையில் இருக்க, மறுபக்கம் கடைக்காகவோ வண்டி நிறுத்தவோ வெறும் தூண்களாக விட்டால், கட்டடம் உறுதியான மூலையைச் சுற்றித் திருகும். எதிர்மூலைத் தூண்களே அதிகம் அடிவாங்கும். கீழ்த்தளம் முழுவதும் வெறும் தூண்களாக இருப்பதும் ஆபத்தே. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகள் பலவும் இப்படிக் கட்டப்பட்டவை.

எனவே, வீடு கட்டும்போதும் பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்பும்போதும் பொறியாளரிடம் கேளுங்கள்: சுவர்களும் தூண்களும் இருபுறமும் சமமாக உள்ளனவா? கீழ்த்தளத்துக்குப் போதிய உறுதி உண்டா? பின்னாளில் கடைக்காகச் சுவரை இடித்தால் என்ன ஆகும்? இன்ஷா அல்லாஹ், இந்த மூன்று கேள்விகள் நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கலாம்.