டயரின் சூடு சொல்லும் சேதி

லேக் மார்க்கெட் பக்கம் காலை நேரத்தில் போனால், வாழையிலையும் மல்லிகைப் பூவும் புதிதாக அரைத்த காப்பிப் பொடியும் சேர்ந்து நம் ஊர் வாசனையைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே ஓட்டலில் தோசை போடுகிறவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். கல்லின் மேல் தண்ணீரைத் தெளிப்பார். "சுர்" என்ற சத்தத்தைக் கேட்பார். பிறகுதான் மாவை ஊற்றுவார். தோசை நடுவில் கருகி, ஓரம் வெளுத்துக் கிடந்தால், அவர் மாவைக் குறை சொல்ல மாட்டார். அடுப்பைத்தான் சரி செய்வார்.

கார் பந்தயக்காரர்கள் செய்வதும் இதுவேதான். அவர்களுக்குத் தோசைக்கல், காரின் டயர்! எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று பார்த்து, காற்றையும் ஸ்பிரிங்கையும் சக்கரத்தின் சாய்வையும் சரி செய்கிறார்கள்.

"பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். கல்கத்தாவில் நம்மவர்களில் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. கடன் வாங்கிப் பழைய கார் வாங்கிய குமாஸ்தாக்களும் உண்டு. டயர் சீக்கிரம் தேய்ந்தால் வீட்டுச் செலவில் துண்டு விழும். வேகமாகப் போகும்போது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்த வித்தை நமக்கும் உதவும்.

கடிகாரத்துடன் போட்டி

ஆட்டோகிராஸ் என்பது ஒருவரை ஒருவர் முந்தும் பந்தயம் அல்ல. திறந்த மைதானத்தில் கூம்புகளை நட்டு, வளைந்து வளைந்து செல்லும் பாதை அமைப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் போகும். ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக ஓட்டம் முடிந்துவிடும். குறைந்த நேரத்தில் வந்தவருக்கு வெற்றி. நம் நாட்டில் மண் தரையிலும் இது நடக்கிறது. இங்கே சொல்லப்போவது தார், கான்கிரீட் தரைகளுக்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டுக்குக் கார் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பந்தயத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே தனிப் பாதை அமைந்தது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலும் ஒன்று உண்டு. பந்தயக் கார்களைச் சொந்தமாகக் கட்டிய கரிவரதனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

மூன்று இடங்கள்

கார் திரும்பும்போது டயரின் ரப்பர் நசுங்கி விரிகிறது. தரையில் சறுக்கி உராய்கிறது. இரண்டினாலும் உஷ்ணம் பிறக்கிறது. அதிகம் உழைக்கும் இடம் அதிகம் சுடும். கணக்கு அவ்வளவுதான்.

ஓட்டம் முடிந்தவுடன் ஒவ்வொரு டயரிலும் உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடங்களில் சூட்டைக் குறிப்பார்கள். ஊசி முனையுள்ள உஷ்ணமானியை ரப்பருக்குள் சற்றே செருகிப் பார்ப்பது சிறந்தது. மேற்பரப்பின் சூடு சில விநாடிகளிலேயே இறங்கிவிடும். தூர நின்று பார்க்கும் துப்பாக்கி வடிவக் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும்.

நடுவில் சூடு அதிகமானால், காற்று அதிகம். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது. இரண்டு ஓரங்களும் அதிகம் சுட்டால், காற்று குறைவு.

வெளிஓரம் மட்டும் சுடுகிறதா? திரும்பும்போது கார் ஒரு பக்கம் சாய்கிறது. சக்கரமும் கூடவே சாய்ந்து வெளிவிளிம்பில் நிற்கிறது. உதாரணமாக, வெளிஓரம் 68 டிகிரி, நடு 60, உள்ஓரம் 52 என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் மேல்பகுதியைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து வைத்தால், வளைவில் டயர் தரையில் நன்றாகப் படியும். இந்தச் சாய்வுக்குக் 'கேம்பர்' என்று பெயர். கார் சாய்வதையே குறைக்க, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்குவதும் உண்டு. உள்ஓரம் மிக அதிகமாகச் சுட்டால், கேம்பர் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம்.

முன்னும் பின்னும்

அடுத்து, முன் டயர்களையும் பின் டயர்களையும் ஒப்பிட வேண்டும். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் காரில் முன் டயர் சற்று அதிகம் சுடுவது இயல்பு. அதையும் மீறிச் சுட்டால், முன்பக்கம் சறுக்குகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கிறது. முன்பக்க ஆன்டி ரோல் பாரை இளக்கலாம். அல்லது பின்பக்கத்தை இறுக்கலாம். பின் டயர் அளவுக்கு மீறிச் சுட்டால், காரின் வால் வீசுகிறது. அப்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

ஆனால் ஸ்பானரைத் தொடும் முன் ஓட்டுகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் புகுந்து, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால், எந்தக் காரிலும் முன் டயரின் வெளிஓரம் வெந்துதான் போகும். அந்தக் குற்றம் காருடையது அல்ல.

ஆட்டோகிராஸில் இன்னொரு தொல்லை. ஓட்டம் குட்டை. முழுச் சூடு ஏறும் முன்பே பாதை முடிந்துவிடும். பாதையில் வலப்பக்கத் திருப்பங்கள் அதிகமானால், இடப்பக்க டயர்கள் அதிகம் சுடும். ஆகவே ஒரே ஓட்டத்தின் கணக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. காரை நிறுத்தியவுடன், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் நான்கு டயர்களையும் பார்க்க வேண்டும். காற்று எத்தனை பவுண்டு, ஓட்டம் எத்தனையாவது, எவ்வளவு நேரம் என்பதை நோட்டில் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டயர் சொன்னதைக் கேட்டவர்கள்

உலகப் பந்தய மேடையிலும் டயரின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. 2005-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் பார்முலா ஒன் பந்தயம். பயிற்சியின்போது, சாய்தளமான ஒரு வளைவில் மிச்செலின் டயர் பழுதாகி ஒரு கார் சுவரில் மோதியது. அந்த வளைவைத் தங்கள் டயர் தாங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என அந்தக் கம்பெனியே கூறிவிட்டது. பந்தய நாளன்று அந்த டயர் பூட்டிய 14 கார்கள் ஒதுங்கிக்கொண்டன. ஆறு கார்கள்தான் ஓடின. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் நம் கோவை நாராயண் கார்த்திகேயன். நான்காவதாக வந்து, பார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார்.

ஒதுங்கியவர்களை ரசிகர்கள் ஏசினார்கள். ஆனால் புள்ளி போனாலும் உயிர் போகவில்லையே!

நம் காருக்கு என்ன பாடம்?

நம்மிடம் உஷ்ணமானி இருக்காது. கவலை வேண்டாம். சூடு அன்றன்றைக்குச் சொல்வதைத் தேய்மானம் மாதக்கணக்கில் எழுதி வைக்கிறது. நடு தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் சக்கர பாலன்ஸையும் சோதிக்க வேண்டும்.

காற்றைக் காலையில், கார் ஓடும் முன் பாருங்கள். டயர் சுமார் ஐந்தரை டிகிரி சூடேறினால் ஒரு பவுண்டு கூடும். வெயிலில் ஓடி வந்த டயரில் காற்று அதிகம் என்று இறக்கிவிட்டால், ஆறியபின் குறைந்துபோகும். எத்தனை பவுண்டு என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவோரத்தில் அச்சிட்டிருக்கும். பந்தயக்காரரைப் பார்த்துச் சக்கரத்தைச் சாய்த்து வைக்கவும் வேண்டாம். நேர்ச்சாலையில் அது உள்ஓரத்தைத் தின்றுவிடும்.

அடுத்த முறை லேக் மார்க்கெட்டில் காப்பி குடித்துவிட்டு வந்து கதவைத் திறக்கும் முன், நான்கு டயர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு நிமிஷம் போதும். கருகிய தோசையைத் தள்ளி வைத்து வேறு தோசை போடலாம். டயர் விஷயத்தில் அந்த இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.