நாளுக்கு ஓர் அத்தியாயம்: ‘போரும் அமைதியும்’ நாவலை ஓராண்டில் படித்தல்

லியோ டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’, பருமனைக் கண்டே பலரும் தள்ளிவைக்கும் நாவல்களில் ஒன்று. டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்ற பெயரில் தமிழாக்கிய இந்நாவலில், நான்கு தொகுதிகளும் இரு பகுதிகள் கொண்ட பின்னுரையும் சேர்ந்து மொத்தம் 361 அத்தியாயங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சில பக்கங்களில் முடிந்துவிடுவதால், நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் படிப்பவர், அன்றாட வேலைக்கு இடையூறின்றி, ஓராண்டு நிறைவதற்குள் நூலை முடித்துவிடலாம்.

இடைவெளி விட்டுப் படிப்பது இந்நாவலுக்குப் புதிதன்று. இதன் தொடக்கப் பகுதிகள் ‘1805’ என்ற தலைப்பில், ‘ருஸ்கி வெஸ்ட்னிக்’ என்னும் ரஷ்ய மாத இதழில் 1865, 1866 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்தன; தொடர் அத்துடன் நின்றுபோக, முழு நாவலும் 1868, 1869 ஆம் ஆண்டுகளில், இன்றைய நான்கு தொகுதிப் பகுப்புக்கு மாறாக, ஆறு தொகுதிகளாக முதற்பதிப்பில் அச்சேறியது. ஆகவே முதல் வாசகர்கள் இக்கதையை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே படித்தார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்தபோது தமிழ் வாசகர்களும் அவ்வாறே காத்திருந்தனர்.

அந்தக் காத்திருப்பு கதையின் பொருளோடும் பிணைந்தது என்பதற்கு நாவலின் முதன்மை மாந்தருள் ஒருவனான ஆந்திரேய் பல்கோன்ஸ்கியின் கதை சான்றாகும். 1805 டிசம்பரில் நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போரில் படுகாயமுற்று வானத்தைப் பார்த்துக் கிடக்கும் அவன், முதல் தொகுதியின் இறுதியில் பிழைக்கமாட்டான் என்று கைவிடப்படுகிறான். அடுத்த தொகுதியில் கதை வேறு குடும்பங்களுக்குத் திரும்பிவிட, அவன் வீட்டாரோ செய்தியின்றித் தவிக்கிறார்கள். ஒரே மூச்சில் படிப்பவருக்கு இது சில பக்க இடைவெளியாகவே தோன்றும். நாளுக்கு ஓர் அத்தியாயம் படிப்பவரோ அவன் கதி தெரியாமல் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க நேர்வதால், அவ்வீட்டாரின் கலக்கத்தில் தாமும் பங்குகொள்கிறார். கதை 1805 இலிருந்து 1820 வரை நீள்கிறது. பதின்மூன்று வயதுச் சிறுமியாக ஓடிவரும் நடாஷா, பின்னுரையில் நான்கு குழந்தைகளின் தாயாக நிற்கிறாள். மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக மாறுவதே டால்ஸ்டாயின் கருப்பொருள் என்பதால், அம்மாற்றத்தை உணர வாசகருக்கும் காலம் தேவைப்படுகிறது.

இம்முறையில் படிப்பவருக்கு முதலில் தடையாவது பெயர்களே. ரஷ்யர்கள் தம் பெயரோடு தந்தையின் பெயரிலிருந்து ஆக்கிய நடுப்பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து வழங்குவர். பியோத்தர் கிரில்லோவிச் பெசூகவ் என்பதில் ‘கிரில்லோவிச்’ என்றால் கிரில்லின் மகன் என்று பொருள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரோடு சேர்த்து எழுதும் தமிழருக்கு இவ்வழக்கம் எளிதில் விளங்கும். ஆனால் அதே மனிதர் பியேர் என்றும், நத்தாலியா நடாஷா என்றும் அழைக்கப்படும்போது, சில நாள் இடைவெளிக்குப் பின் யார் யார் என்ற மயக்கம் எழும். ராஸ்தவ், பல்கோன்ஸ்கி, பெசூகவ், குராகின், துருபெத்ஸ்கோய் ஆகிய ஐந்து குடும்பங்களையும் அவற்றின் உறுப்பினர்களையும் ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொண்டால், முதல் மாதத்திலேயே இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

எனினும் நாளுக்கு ஒன்று என்ற விதியை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி கடைப்பிடிப்பது பொருந்தாது. மூன்றாம் தொகுதியில் 1812 ஆம் ஆண்டின் பரதினோ போரை விவரிக்கும் அத்தியாயங்கள், ஒரே நாளின் குழப்பத்தைப் பல கோணங்களிலிருந்து காட்டுவதால், இரண்டு மூன்றாகச் சேர்த்துப் படிக்கும்போதே அப்போரின் வேகம் புலப்படும். பின்னுரையின் இரண்டாம் பகுதியில் கதையே இல்லை. வரலாற்றை நடத்துவது மாமனிதரின் விருப்பமா, எண்ணற்ற மனிதரின் செயல்களா என்ற வாதம் அதன் பன்னிரண்டு அத்தியாயங்களிலும் ஒரே தொடர்ச்சியாக ஓடுகிறது. நாளுக்கு ஒன்றாகப் படித்தால் வாதத்தின் இழை அறுந்துவிடும். இரண்டு மூன்று அமர்வுகளில் படிப்பதே ஏற்றது.

ஒருநாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வது போதுமானது. கணக்கைச் சரிக்கட்டுவதற்காக அவசரமாக ஓடினால், இம்முறை தரும் நிதானமே கெட்டுவிடும். ஆண்டு முடிவுக்குள் முடிப்பது வசதியான இலக்கேயன்றி வேறில்லை. பதினைந்து ஆண்டுக் கதையைச் சொல்லும் நூலுக்கு இன்னும் சில வாரங்கள் கூடுதலாகத் தருவதால் வாசகருக்கு எந்த இழப்பும் இல்லை.