பண்ணைப்புரத்துச் சிம்பொனியும் பெட்டியில் தூங்கும் நாடாக்களும்

1993-ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா ஒரு சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. நடத்தியவர் ஜான் ஸ்காட். எழுதியவர் தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. செய்தி வந்ததும் தமிழ்நாடு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஆனால், கொண்டாடியவர்களில் அந்த இசையைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? 30 ஆண்டுகள் கடந்த பிறகும் அது கேசட்டாகவோ, சி.டி.யாகவோ கடைக்கு வரவில்லை.

பலர் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள். 2005-ல் வந்த 'திருவாசகம்' வேறு. அது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில் ஒலித்த 'வேலியண்ட்' வேறு. அது புதிதாக எழுதப்பட்ட சிம்பொனி. இந்த இரண்டையும் உலகம் கேட்டுவிட்டது. முதலில் பதிவான 1993-ம் ஆண்டு சிம்பொனி மட்டும் இன்னும் ரசிகனின் காதுக்கு எட்டவில்லை.

கோல்ட்ரேனின் இரண்டாவது நாடா

பதிவாகியும் வெளிவராத இசைக்கு உலகில் பெரிய வரலாறே உண்டு. அதிலும் ஜாஸ் உலகில், குறிப்பாக மரபை உடைத்துப் போனவர்கள் விஷயத்தில், கதைகள் ஏராளம். அன்றைய கம்பெனிகளுக்கு அவர்கள் இசை பாதி புரியவில்லை. மீதி விலைபோகும் என்ற நம்பிக்கை இல்லை. 

சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று நியூ ஜெர்ஸியில் வான் கெல்டர் ஸ்டூடியோவில் தன் குழுவோடு வாசித்தார். இம்பல்ஸ் கம்பெனிக்காகச் செய்த அந்தப் பதிவு, ஆல்பமாக வரவில்லை. 1970-களில், நாடாக்களை வைத்திருக்கும் இடத்துக்குச் செலவாகிறது என்று கம்பெனி பழையவற்றை அழித்தது. மூல நாடா அத்தோடு போயிற்று. ஆனால், பதிவு முடிந்ததும் வீட்டில் போட்டுக் கேட்க கோல்ட்ரேன் ஒரு பிரதி எடுத்துப் போயிருந்தார். அது அவருடைய முதல் மனைவி நைமாவின் குடும்பத்திடம் பத்திரமாக இருந்தது. அதிலிருந்துதான் 2018-ல், 55 ஆண்டுகள் கழித்து, 'போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்' வெளிவந்தது. தொகுப்பு வேலையில் பங்கெடுத்தவர் மகன் ரவி கோல்ட்ரேன்.

1957-ல் கார்னெகி ஹாலில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் கோல்ட்ரேன் வாசித்த கச்சேரியின் நாடா, 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. 1961-ல் இன்னொரு ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியோடு வாசித்தது நியூயார்க் பொது நூலகத்தில் கிடைத்து 2023-ல் வெளிவந்தது. ஒன்றைக் கவனியுங்கள். காப்பாற்றியவை ஒரு குடும்பமும் இரண்டு நூலகங்களும். கம்பெனிக் கிடங்கின் லட்சணம் வேறு மாதிரி. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் எரிந்த மூல நாடாக்களின் கணக்கே 2019-ல்தான் பத்திரிகை வழியாக வெளியே தெரிந்தது.

கோடம்பாக்கத்தில் விடுபட்டவை

பதிவான இசை திரைக்கு வராமல் போவது நம் சினிமாவில் அன்றாடக் கதை. 1991-ல் வந்த 'தளபதி'க்காக ஜேசுதாஸும் எஸ்.ஜானகியும் பாடிய 'புத்தம் புது பூ பூத்ததோ' படத்தில் இல்லை. கேசட்டில் இருந்ததால் பிழைத்தது. 'மணிப்பூர் மாமியார்' படமே திரைக்கு வரவில்லை. ஆனாலும் அதன் பாட்டுகளை ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். தியேட்டர் கைவிட்டதை, ஊர்க் கடைவீதியில் துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியல் வாங்கிக்கொண்டு டி.டி.கே. 60-லும் 90-லும் பதிந்து கொடுத்த கேசட் கடைக்காரர்கள் காப்பாற்றினார்கள்.

'ஹே ராம்' கதை இன்னும் விநோதம். முதலில் இசையமைத்தவர் வயலின் மேதை எல்.சுப்பிரமணியம். ஸ்டீஃபன் கிராப்பெல்லி போன்ற ஜாஸ் ஜாம்பவானோடு வாசித்தவர். அவர் பாட்டுகளை வைத்துக் காட்சிகளும் எடுத்தாகிவிட்டது. இடையில் அவர் விலக, இளையராஜா வந்தார். ஏற்கெனவே படமாகியிருந்த உதட்டசைவுக்குப் பொருந்தும்படி புதிய மெட்டுகளைப் போட்டார். 2000-ல் படம் வந்தபோது நடிகர்களின் வாய் ஒரு பாட்டுக்கு அசைந்தது, காதில் விழுந்தது வேறு பாட்டு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நாம் வியந்து வியந்து பேசுகிறோம். சுப்பிரமணியத்தின் பாட்டுகள் எப்படி இருந்தன என்று கேட்க நமக்கு வழியில்லை.

ஸ்டூடியோவிலேயே அழிந்தவையும் உண்டு. பல தனித்தனி டிராக்குகளில் பதியும் வசதி வருமுன், பாடகரும் ஐம்பது வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க வேண்டும். ஒருவர் தவறு செய்தால் முதலிலிருந்து மறு டேக். நாடா விலை அதிகம் என்பதால் ஓகே ஆகாத டேக்கின் மேலேயே அடுத்ததைப் பதிவது வழக்கம். நல்ல வாசிப்புகள் எத்தனையோ இப்படி அழிந்திருக்கும்.

பதிவே ஆகாத பாட்டு

லண்டனையும் கோடம்பாக்கத்தையும் விட்டு, கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஏராளம். அவர்களிடம் கட்சியின் சேதியைப் பாட்டாகக் கொண்டுபோனவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் சொற்களைப் போட்டு அவர் பாட, தொழிலாளர்கள் குடியிருந்த எஸ்டேட் லயங்களில் கூட்டம் கூடியது. ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை அன்றைய கேரள முதலமைச்சர் இ.எம்.எஸ்.ஸே ஒப்புக்கொண்டார் என்று இந்தப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பின்னாளில் தம்பிகளும் சேர்ந்து 'பாவலர் பிரதர்ஸ்' ஆனார்கள். ஆர்மோனியம், கிடார், தபேலாவோடு ஊர் ஊராக மேடை ஏறினார்கள். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தமிழ்நாடு புதிதாகக் கேட்ட அந்த மண்வாசனை, அதற்கு வெகுமுன்பே இந்த மேடைகளில் பழகிவிட்ட ஒன்று. ஆனால், பாவலரின் அந்தப் பாட்டுகள் பதிவாகவில்லை. 1958-ல் எஸ்டேட் லயத்துக்கு டேப் ரெக்கார்டரை யார் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? கேட்டவர்களின் நினைவில் தங்கியதுதான் மிச்சம். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வெளிவராத சிம்பொனிக்காவது லண்டனில் பதிவான நாடா உண்டு. நாற்று நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி, கட்சி மேடைப் பாட்டு என்று இந்தப் பள்ளத்தாக்கில் ஒலித்தவற்றில் பெரும்பகுதிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

என்ன செய்யலாம்?

நாடாவுக்கு ஆயுள் குறைவு. சில வகை நாடாக்களில் காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அந்த நிலையில் ஓட்டினால் துகள் உரிந்து வரும். அதோடு பாட்டும் போய்விடும். வல்லுநர்கள் அப்படிப்பட்ட நாடாவை 50 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, ஈரம் போன பிறகே கணினிக்கு மாற்றுகிறார்கள். அப்படிக் காப்பாற்றுவதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. 1993-ல் சுற்றிய நாடாவுக்கும் இந்த ஆபத்து இருக்கலாம்.

வெளியிடுவதும் வெளியிடாததும் படைத்தவரின் உரிமை. அதில் ரசிகன் வழக்காட முடியாது. ஆனால், பாதுகாப்பது வேறு விஷயம். இளையராஜாவின் மூல நாடாக்களுக்கும் கையால் எழுதிய இசைக்குறிப்புகளுக்கும் முறையான காப்பகம் ஒன்று வேண்டும். பிரதிகள் ஓரிடத்துக்கு இரண்டிடமாக இருக்க வேண்டும். அவர் பெயரில் விழா எடுக்கும் அரசு, அவர் சம்மதத்தோடு இதையும் எடுத்துச் செய்யலாம். பழைய கிராமபோன் தட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 1982 முதல் களப் பதிவுகளைக் காத்துவரும் குருகிராமின் இசை ஆய்வு மையமும் நமக்கு முன்மாதிரிகள்.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரண்மேல் திருவிழாக் கச்சேரி, கட்சிக் கூட்டம், பாட்டி பாடிய தாலாட்டு என்று எழுதிய கேசட் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடாதீர்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். கேசட்டின் முதுகுப்புறம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். அதன்மேல் வேறெதுவும் தவறிப் பதிவாகாது. பிசுபிசுப்போ, பூஞ்சையோ தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்பதையும் அட்டையில் எழுதிவையுங்கள்.