உங்களுக்குத் தெரியுமா? பெங்களூருவை முந்திய தங்கவயல்

பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கோ 1902-லேயே மின்சாரம் வந்துவிட்டது, காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து!

● தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அடியில் பாறைச் சூடே 60 டிகிரியைத் தாண்டும். அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். கல்தூசி பலருடைய நுரையீரலை அரித்தது. தங்கக் கணக்கில் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

● சுமார் 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம்: ஏறக்குறைய 800 டன்.

● 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியவை சயனைடு கழிவு மேடுகள். காற்றடித்தால் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குள் தூசி. பிழைப்புக்கு, இங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி பலர் தினமும் பெங்களூரு போய்வருகிறார்கள்.