பெனால்டியும் பறிகொடுத்த பந்தும்

கால்பந்தாட்டம் முடிந்து திடலை விட்டு வெளியே வருவோரைக் கேட்டுப் பாருங்கள். வென்றிருந்தால் கோல் அடித்தவனைப் புகழ்வார்கள். தோற்றிருந்தால் நடுவரைத் திட்டுவார்கள். பந்து யார் காலிலிருந்து, எந்த இடத்தில், எப்படிப் பறிபோயிற்று என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிராது. ஓர் அணியின் ஆட்டப் பருவம் முழுவதையும் ஆக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் இந்த நினைவிராத சங்கதிதான் என்பது என் கருத்து. கணிதம் படிக்கும் மாணவன் கால்பந்தைப் பற்றி எழுதுவானேன் என்று எங்கள் துறைப் பேராசிரியர்கள் கேட்கலாம். நான் நம் கல்லூரி அணியில் மாற்று ஆட்டக்காரன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை ஏது?

நம் ஊரில் கால்பந்துக்குக் கூட்டம் குறைவு. கபடிக்கும் கைப்பந்துக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் திரள்வது போல இதற்குத் திரள்வதில்லை. ஆகவே எல்லாரும் அறிந்த கபடியிலிருந்தே தொடங்குகிறேன். பாடிப் போனவன் எதிரணியின் பிடியில் சிக்கி அவுட் ஆவது ஒன்று. யாரும் தொடாமலே பாட்டை விட்டு அவுட் ஆவது மற்றொன்று. முன்னது எதிரி உழைத்துப் பெற்றது. பின்னது நாமாகத் தூக்கிக் கொடுத்தது. கால்பந்திலும் இப்படி நாமாகத் தூக்கிக் கொடுப்பவை உண்டு. விதியை மீறி எதிரிக்கு ஃப்ரீ கிக்கும் பெனால்டியும் கொடுப்பது ஒரு வகை. வசமாக நம் காலில் இருந்த பந்தை அவன் காலுக்கு அனுப்பிவிடுவது இன்னொரு வகை.

பெனால்டியின் கதை சுவையானது. தொடக்க காலத்தில் அப்படியொரு விதியே கிடையாது. கோலுக்குள் போகவிருந்த பந்தைப் பின்கள ஆட்டக்காரன் கையால் தட்டிவிட்டாலும் சாதாரண ஃப்ரீ கிக்கோடு தப்பித்துக் கொள்வான். இதற்குத் தனித் தண்டனை வேண்டும் என்று 1890-இல் யோசனை கூறியவர், அயர்லாந்தில் மில்ஃபோர்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் மக்ரம். அவர் ஒரு கோல்கீப்பர் என்பதுதான் வேடிக்கை! தம் இனத்தாருக்குத் தாமே குழி வெட்டினார் எனலாம். கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்வார்களா என்று ஆங்கிலேயர் சிலர் சினந்தனர். ஆயினும் 1891-இல் விதி ஏறிவிட்டது.

இன்று பெனால்டி உதைக்கும் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவே ஒரே ஓர் ஆள். பெரிய போட்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பெனால்டிகள் கோலாகின்றன. ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்களோ சராசரியாக இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான். அப்படியானால் விசில் ஊதிய அந்தக் கணத்திலேயே முக்கால் கோல் கைமாறிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓடி ஓடிச் சேர்த்ததை ஒரு காலிடறலில் இழப்பது இதுதான்.

அட்டைகளின் கணக்கு இதைவிட நீளும். சிவப்பு அட்டை பெற்ற அணி மீதி நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆட வேண்டும்; அந்த ஆட்டக்காரர் அடுத்த ஆட்டத்திலும் இல்லை. லீக் போட்டிகளில் மஞ்சள் அட்டைகளும் குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் ஓர் ஆட்டத் தடையாகிவிடும். கார்த்திகையில் வாங்கிய கடனுக்குத் தையில் வட்டி கட்டுவது போல! 2016-க்கு முன் இது இன்னும் கடுமையாக இருந்தது. பெனால்டிப் பரப்புக்குள் உறுதியான கோல் வாய்ப்பைத் தவறு செய்து தடுத்தால் பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத் தடை என மூன்றும் ஒன்றாக விழும். பந்தைத்தான் ஆட முயன்றான் என்று நடுவர் கருதினால் பெனால்டியோடு மஞ்சள் அட்டை போதும் என்று அவ்வாண்டு திருத்தினார்கள். நல்ல திருத்தம்.

இனிப் பறிகொடுத்த பந்துக்கு வருவோம். ஒரு பெரிய ஆட்டத்தில் ஓர் அணி நூறு முறைக்கு மேலும் பந்தை இழக்கும். அத்தனையும் குற்றமா? அல்ல. எதிரியின் கோலருகே துணிந்து ஆடி இழந்த பந்தால் பெரிய நட்டமில்லை. அங்கிருந்து நம் கோல் வரை எதிரி மைதானம் முழுவதும் கடந்து வர வேண்டும். அதே பந்தை நம் பின்களத்தில், நம் ஆட்கள் எல்லாரும் முன்னேறத் திரும்பியிருக்கும் வேளையில் இழந்தால் கதை வேறு. அப்போது நம் அணி பரந்து கிடக்கிறது. முகங்கள் எதிர்த் திசையில் இருக்கின்றன. எதிரிக்கும் கோலுக்கும் நடுவே இரண்டு பேர் மட்டும். அந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள்? காலை நீட்டுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள். விசில் ஊதும். நாம் பெனால்டியைப் பார்க்கிறோம். அதற்குப் பத்து விநாடிக்கு முன் நடந்ததைப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு மண்டலப் போட்டியில் நம் அணிக்கு நேர்ந்தது இதுவே. முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் நம் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் எதிரணி வீரரை வீழ்த்தினார், பெனால்டி, கோல். அந்த ஒரு கோலில் நாம் வெளியேறினோம். பேருந்தில் திரும்பும்போது அவரோடு யாரும் பேசவில்லை. விடுதியிலும் வகுப்பிலும் அவருக்கு ஒரு பட்டப் பெயர் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு வாரத்தில் அவர் திடலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பது வேறு. பந்து முதலில் நம் நடுக்களத்தில் இருந்தது. நெருக்குவார் எவரும் இல்லாதபோது குறுக்காக ஒரு சோம்பல் பாஸ், எதிரி இடைமறித்தார், மூன்றே உதையில் பெனால்டிப் பரப்பு. வீழ்த்தியவர் கடைசி ஆள். அவர் காலை நீட்டியிராவிட்டால் எதிரியின் முன்னே கோல்கீப்பர் மட்டுமே. குறுக்குப் பாஸ் கொடுத்தவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரையும் சொல்ல வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் ஒருவர் மேல் மட்டும் பழி போவது கணக்குக்குப் பொருந்தவில்லை.

நம் போன்ற கல்லூரிகளுக்கு ஆட்டப் பருவம் என்பது தோற்றால் வெளியேறும் போட்டிதான். ஆண்டு முழுவதும் பயிற்சி. ஒரு மாலையில் முடிவு. நாட்டு அணிக்கே இது நேர்ந்திருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்து அணி பிரான்சை எதிர்கொண்டது. நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினர். முதலில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. 70-ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மறுபடியும் அடித்து 2-1 என வென்றது. இதில் நெஞ்சை உறுத்துவது யாதெனில், அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் கோலாகவில்லை. வெறுங்கால் வீரர்களின் வீரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். அந்த இரண்டு உதைகளைப் பற்றி எழுதுவது குறைவு.

லீக் போட்டி அப்படியன்று. ஒருநாள் இழந்ததை இன்னொரு நாள் ஈட்டலாம். நடுவர் இன்று நமக்கு எதிராக ஊதினால் வேறொரு நாள் நமக்காக ஊதுவார். இருபது ஆட்டங்களில் பெனால்டிகள் ஓரளவு சமனாகிவிடும். பந்தை இழக்கும் பழக்கம் சமனாகாது. அது வாரந்தோறும் கூடவே வரும். எனினும் லீக்கிலும் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. 2018-19 ஐ-லீக்கில் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணியின் கதையை நம் மாவட்டத்து மாணவர் பலர் அறியார்.

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். உருகுவே நாட்டவரான பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டிக்கு எதிராக மினர்வா பஞ்சாப் மூன்றாம் நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடிய ஈஸ்ட் பெங்கால் இடைவேளை வரை கோல் இல்லாமல் சமநிலை. அதாவது அந்த நேரத்தில் முடிந்திருந்தால் இருவருக்கும் 40. இங்கே 56-ஆம் நிமிடத்தில் சென்னை சிட்டிக்குப் பெனால்டி, மான்சி அடித்தார். பின்பு கௌரவ் போரா இரண்டு கோல். அங்கே கோகுலம் முந்தியது, 79-ஆம் நிமிடத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஒரு பெனால்டி, கோல், பின் இன்னொரு கோல். இரண்டு நகரங்களிலும் பின்தங்கிய அணியை எழுப்பியது பெனால்டியே. முடிவில் 43-க்கு 42. இருபது ஆட்டங்கள், பல மாதங்கள். வேற்றுமை ஒரே புள்ளி! தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

அப்படியானால் பெனால்டிதான் பெரிது என்று ஆகிறதே எனக் கேட்பீர்கள். 2015 இந்தியன் சூப்பர் லீகைப் பாருங்கள். சென்னையின் எஃப்.சி. பருவத்தின் இடையில் பட்டியலின் அடியில் கிடந்தது. பின்பு தொடர்ந்து வென்று அரையிறுதி வந்தது. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் ஆட முடியாமல் தன் சொந்தத் தள ஆட்டத்தைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20-இல் கோவாவில் இறுதியாட்டம். சென்னைக்கு இரண்டு பெனால்டிகள். கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி இரண்டையும் தடுத்தார்! முதலாவது திரும்பி வந்ததால் பெலிசாரி அதை மறுபடி உதைத்துக் கோலாக்கினார்; மெண்டோசா உதைத்த இரண்டாவது வீண். 87-ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. கடைசி நிமிடத்தில் கோலருகே நெரிசலில் பந்தைத் தட்டிவிட முயன்ற அதே கட்டிமணியின் கையால் அது அவர் கோலுக்குள்ளேயே போயிற்று. அடுத்த இரண்டு நிமிடத்திற்குள் மெண்டோசா அடித்தார், 3-2. இரண்டு பெனால்டியைத் தடுத்தவர் ஒரு தளர்ந்த பந்தில் பட்டத்தை இழந்தார். பெனால்டிக்குத் தயாராக நேரம் உண்டு. பறிபோகும் பந்துக்கு அது கிடையாது.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950-இல் தொடங்கி ஆட்டந்தோறும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பாஸையும் குறித்தார். 1968-இல் பெர்னார்டு பெஞ்சமினோடு சேர்ந்து ஒரு புள்ளியியல் ஆய்விதழில் கட்டுரையும் எழுதினார். எதிரியின் கோலருகே பறித்த பந்துகள் கோலாவது மிகுதி என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது. ஆனால் பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைந்த பாஸ்களில் விழுகின்றன, ஆகவே நீளமாக உதைப்பதே நலம் என்று அவர் முடிவு கட்டியது தவறு. ஆட்டத்தில் பெரும்பாலான முயற்சிகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. கோல்களும் அப்படித்தானே இருக்கும்? கிரிவலம் வருவோரில் பெரும்பாலோர் வெறுங்காலில் நடக்கின்றனர், ஆகையால் வெறுங்காலில் நடந்தால் 14 கிலோமீட்டரை விரைவில் சுற்றலாம் என்பதைப் போன்றது இந்த வாதம். எங்கள் புள்ளியியல் வகுப்பில் சொன்னபோது சிரிப்பு எழுந்தது.

என் முறை எளியது. ஒரு தாளில் மைதானம் வரைந்து குறுக்கே மூன்று பகுதியாகப் பிரித்துக் கொள்கிறேன். பந்தை இழந்த இடத்தில் ஒரு புள்ளி. நெருக்கடியில் இழந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுல் ஆனால் பெருக்கல் குறி. அதற்கு முந்திய இழப்பு எதுவோ அதிலிருந்து ஒரு கோடு. வட்டமில்லாத புள்ளிகளே நாம் திருத்திக் கொள்ளக் கூடியவை. தீபத் திருவிழாவை ஒட்டிப் பயிற்சி நின்று, பிறகு தொடங்கிய வாரத்தில் வட்டமில்லாத புள்ளிகள் நம் பின்களத்தில் குவிந்திருந்தன. அதைக் காட்டியதும் உடற்கல்வி ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் முதல் குறும் பாஸ் பயிற்சியைக் கூட்டினார். திடலுக்கு வராமல் நின்ற நண்பரிடமும் சென்ற ஆண்டுத் தாளைக் கொடுத்தேன். கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். மறு வாரம் பூட்ஸோடு வந்தார்.

இந்த ஆண்டு ஒருவனால் எண்ணி முடியாது. நானும் இறங்கி ஆட வேண்டியிருக்கலாம். பந்தைத் தொடராமல் பந்து போன இடத்தையே பார்த்துக் கொண்டிருக்கப் பொறுமையுள்ள இருவர் வேண்டும். கால்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலை நான்கரை மணிக்குத் திடலின் மேற்கு மூலையில், வேப்பமர நிழலில் இருப்பேன். தாளும் பென்சிலும் என் பொறுப்பு.