வாழைக்கு ஏன் விதை இல்லை?

பூவன் பழத்தை நறுக்கினால் நடுவில் பொடிப்பொடியாய்க் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாக முடியாமல் நின்றுபோன சூல்கள் அவை. காட்டு வாழையில் அதே இடம் முழுக்கப் பல்லை உடைக்கும் விதைகள். இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம், குன்றல் பகுப்பின்போது (மியாசிஸ்) குரோமோசோம்கள் நடந்துகொள்ளும் விதம்.

காட்டு வாழையின் செல்லில் 22 குரோமோசோம்கள்; தாய்வழி 11, தந்தைவழி 11. மகரந்தமும் முட்டையும் உருவாகும்போது இது 11 ஆகக் குறைய வேண்டும். ஏதோ ஒரு பதினொன்று போதாது. ஜோடிக்கு ஒன்று வீதம் வந்தாக வேண்டும். அதனால்தான் பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிச் சேர்கிறது.

பள்ளியில் லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று ஐந்து பெயர்களை உருப்போட வைப்பார்கள். ஐந்தும் இந்த ஜோடி சேர்தலின் படிகள் என்பதைச் சொல்லியிருந்தால் பாதி சுமை குறைந்திருக்கும். முன்பே இரட்டித்துவிட்ட குரோமோசோம்கள் முதலில் மெல்லிய இழைகளாகத் தெரிகின்றன. அடுத்து, ஒத்தவை நெடுக ஒட்டிக்கொள்கின்றன. பாக்கிட்டீனில் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்கின்றன. டிப்ளோட்டீனில் விலகத் தொடங்கினாலும், துண்டு கைமாறிய இடங்களில் பிணைந்தே நிற்கின்றன. அந்தப் பிணைப்புதான் கயாஸ்மா. புது மரபுக் கலவை தருவது மட்டும் அதன் வேலையல்ல. கதிர்கோல் இழைகள் இரு துருவங்களிலிருந்தும் இழுக்கும்போது, ஜோடியைப் பிரியவிடாமல் பிடித்து நடுக்கோட்டில் நிறுத்துவதும் அதுவே. பிடி விட்டதும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. இரண்டாம் பகுப்பில் ஒவ்வொரு குரோமோசோமின் இரு குரோமாட்டிடுகளும் (முன்பு இரட்டித்த நகல்களும்) பிரிய, நான்கு செல்கள் கிடைக்கின்றன.

பூவனோ மும்மடியம். ஒவ்வொரு வகையிலும் மூன்று, ஆக 33. கோலாட்டத்தில் ஜோடி கிடைக்காத ஆள்போல மூன்றாவது குரோமோசோம் தனித்து நிற்கும்; அல்லது மூன்றும் பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு வகையும் இரண்டுக்கு ஒன்றாகப் பிரியும் என்றே வைத்துக்கொள்வோம். பதினொரு இரட்டைகளும் ஒரே பக்கம் போய்ச் சேர 1,024-இல் ஒரு வாய்ப்புதான். மற்றபடி உருவாகும் செல்களில் ஒரு வகை ஒன்றிருக்கும், இன்னொரு வகை இரண்டிருக்கும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. கருவுறாமலே காய் பருக்கும் குணமும் வாழைக்கு உண்டு என்பதால் நமக்குப் பழம் மட்டும் தப்பியது.

மும்மடியம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கன்னியாகுமரி மட்டிக்கு 22 தான். அதிலும் விதை இல்லை.

பூவனுக்கு இந்த 33 எப்படி வந்தது? அதுவும் குன்றல் பகுப்பு தவறியதால்தான். எப்போதோ ஒரு செடியின் இனச்செல் 22-ஐக் குறைக்காமல் அப்படியே கொண்டுவந்து, மற்றதன் 11-உடன் சேர்ந்தது. இன்றைய வாழை ஆய்வாளர்கள் காத்திருப்பதும் இதே தவறுக்குத்தான். மும்மடியப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவி, ஏராளமான பழங்களைப் பிசைந்து தேடினால் சில விதைகள் அகப்படும். நம் சிறுமலை வாழையின் நெருங்கிய உறவான பிராட்டா அனாவைத் தாயாக வைத்து ஹோண்டுராஸில் எஃப்.எச்.ஐ.ஏ. நிறுவனம் உருவாக்கிய ‘கோல்ட்ஃபிங்கர்’ அப்படி வந்தது. முட்டை குறைக்காமல் விட்ட 33, மகரந்தம் கொண்டுவந்த 11. அதற்கு 44 குரோமோசோம்கள்.