காட்டுத்தடமும் கற்சில்லும்

பழமையைக் காண்பதற்குத் தொலைதூரம் பயணம் செய்யவேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் சுற்றியுள்ள குன்றுகளையும் புதர்க்காடுகளையும் நாள்தோறும் மின்சார ரயிலிலிருந்து காண்கின்றவர்களுக்கும், அவை வெறுங் கல்லும் முள்ளுமாகவே தோன்றுகின்றன. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய ஒரு நாளைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன்.

தாம்பரத்திற்கு வடகிழக்கே, மேடவாக்கத்தை அடுத்து, நன்மங்கலம் என்னும் ஊர் உள்ளது. அதன் பெயரால் வழங்கும் காப்புக்காடு ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புடையது. விராலியும் களாவும் சூரையும் ஈச்சையும் அடர்ந்த புதர்க்காடு அது. கைவிடப்பட்ட கல்லுடைப்புப் பள்ளங்களின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. வனத்துறையினரின் இசைவு பெற்று, ஒருநாள் காலை அக்காட்டினுள் சென்றேன். நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் துணைக்கு வந்தார்.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு தடத்தில் நடந்தோம். சிறிது தொலைவு சென்றதும் அவர், "தம்பி, இது கால்நடையாகச் செல்வோர் போட்ட பாதையா, வண்டிப் பாதையா?" என்று வினவினார். நான் விழித்தேன். அவரே விளக்கினார். நடந்து செல்வோர் மேட்டை நேரே ஏறிவிடுவர். ஆதலின் ஒற்றையடிப் பாதை குறுகியும் செங்குத்தாயும் இருக்கும். பாரவண்டிக்கு அது இயலாது. அதன் தடம் அகன்றிருக்கும். சரிவைக் குறைப்பதற்காக வளைந்து வளைந்து செல்லும். நாங்கள் நடந்த தடம் அத்தகையதே. புதர் இரு புறமும் நெருங்கி மூடியிருந்தும், வளைவு மறையவில்லை.

அத்தடம் ஒரு பழைய கல்லுடைப்புப் பள்ளத்தில் சென்று முடிந்தது. அங்கே ஒரு பாறையின் விளிம்பில், விரல் நீளமுள்ள குழிகள் வரிசையாக இருந்தன. உளியாற் குழி வெட்டி, இரும்பு ஆப்புகளை இறுக்கி, சம்மட்டியால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பாறையைப் பிளந்ததன் அடையாளம் அது. மற்றொரு பாறையின் முகத்தில், குழாயை நெடுக்காகப் பிளந்தாற்போன்ற நீண்ட பள்ளங்கள் மேலிருந்து கீழாக ஓடின. துளையிட்டு வெடிமருந்து வைத்துத் தகர்த்ததன் அடையாளம் இது. ஒரே பள்ளத்தில் இருவகைத் தொழில்முறைகளின் சுவடுகளையும் கண்டோம்.

நாம் கருங்கல் என்று பொதுவாகக் கூறும் இப்பகுதிப் பாறைக்கு, நிலவியலார் சார்னோகைட் என்று பெயரிட்டுள்ளனர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் உள்ள கல் இவ்வகையினது. அது சென்னைப் பகுதியிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது. அதனால், 1893ஆம் ஆண்டில் ஹாலந்து என்னும் அறிஞர் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் இப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மை வாய்ந்தது.

திரும்பும் வழியில், கூரிய விளிம்புடைய கல் ஒன்றைக் கண்டெடுத்தேன். கற்கால மனிதனின் கருவி கிட்டிவிட்டது என்று மகிழ்ந்து, அதனைப் பையில் இட்டுக்கொண்டேன். காட்டின் எல்லையை அடைந்ததும், பெருமையுடன் முதியவரிடம் நீட்டினேன். அவர் அதனைப் புரட்டிப் பார்த்து, "இது அந்தப் பள்ளத்துக் கல்லே, சம்மட்டி அடியில் தெறித்த சில்லு. பல்லாவரத்தில் கிடைத்த கருவி குவார்ட்சைட் என்னும் வேறு வகைக் கல்லால் ஆனது. அதிருக்கட்டும், இதனை எவ்விடத்தில் எடுத்தாய்?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

அவர் குறிப்பிட்ட கருவியின் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கது. வடபிரான்சில் ஆபெவீல் என்னும் ஊரில் கிடைத்த கற்கருவிகள் பழங்கால மனிதன் செய்தவையே என்பதை, ஆங்கில அறிஞர்கள் 1859இல் நேரிற் சென்று கண்டு ஒப்புக்கொண்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று, பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலில் சரளை தோண்டிய குழியொன்றில் குவார்ட்சைட் கற்கருவி ஒன்றைக் கண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அன்று தொடங்கியது. நாளும் இடமும் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால், அவர் அவற்றைக் குறித்து வைத்ததே காரணம். அவர் திரட்டிய பெருந்தொகுதி 1904இல் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது.

இடம் ஏன் இத்துணை முக்கியம்? அதே 1863ஆம் ஆண்டின் செப்டம்பரில், கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் ஃபூட் தம் துணைவர் வில்லியம் கிங்குடன் கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அவ்விடத்தை அடுக்கடுக்காக அகழ்ந்தனர். மண்ணடுக்கில் பதிந்த காந்தக் குறிகளையும், புதைந்த கற்களில் விண்கதிர்களால் விளைந்த தனிமங்களையும் அளந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என்று 2011இல் வெளியிட்டனர். கருவிகள் புதைந்த இடத்திலேயே இருந்தமையால் அக்கணக்கு இயன்றது. யாரேனும் பையில் இட்டு வீட்டிற்குக் கொண்டு சென்றிருந்தால், அவை அழகிய கற்களாக இருந்திருக்கும். அவற்றின் வயதை எவரும் அறிந்திருக்க மாட்டார்.

பல்லாவரத்தைச் சுற்றிலும் இன்று கட்டடங்கள் நிறைந்துவிட்டன. குன்றுகள் பல கல்லுக்காகக் குடையப்பட்டன. எஞ்சிய நிலத்தில் எஞ்சிய சுவடுகள் சிலவே. ஆதலின் பழைய பொருள் போலத் தோன்றும் ஒன்றைக் கண்டால், அதனை எடுக்காதீர்கள். இருந்த நிலையிலேயே படம் எடுங்கள், அருகிலுள்ள மரம், பாறை ஆகியவற்றிலிருந்து தொலைவை அளந்து எழுதுங்கள், நாளைக் குறியுங்கள், பின்னர்த் தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்திற்கோ தெரிவியுங்கள்.

அன்று நான் அச்சில்லை மீண்டும் அதன் இடத்தில் வைக்க எண்ணித் தடத்தின் வழியே திரும்பி நடந்தேன். ஒவ்வொரு வளைவும் ஒன்றுபோலவே தோன்றியது. எடுத்த இடம் இறுதிவரை புலப்படவில்லை. அச்சில்லு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அது கிடந்த இடம் எதுவென்று என்னால் எவருக்கும் கூற முடியாது.